உண்டியலா, தவணையா? இளந்தம்பதிகளின் பயணச் செலவு பற்றி ஓர் ஆய்வு

திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிற பேரூராட்சி பொதட்டூர்பேட்டை. பல தலைமுறைகளாக நெசவை நம்பி வாழும் ஊர். கைத்தறிகள் இருந்த வீடுகளில் இன்று பெரும்பாலும் விசைத்தறிகள் ஓடுகின்றன. இளையவர்களில் ஒரு பகுதியினர் தறியை விட்டுவிட்டுத் திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், கும்மிடிப்பூண்டி என்று தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். தறி வீடானாலும் கம்பெனி வேலைக்காரர் வீடானாலும், கல்யாணமாகி ஒன்றிரண்டு வருடமே ஆன பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்கும் குறை ஒன்றுதான்: "வூட்ல கிரைண்டர் ஓடல, மளிகைக் கடையில பாக்கி நிக்குது, இதுங்க ரெண்டும் மூணாறுக்குப் போவுதுங்க." மருமகளிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "இப்போ போகாம வேற எப்போ போறது அத்தை? பிள்ளை பொறந்துட்டா முடியுமா?"

இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் இதை இளையவர்களின் ஊதாரித்தனம் என்றோ பெரியவர்களின் பழைய புத்தி என்றோ ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வீட்டுச் செலவைச் சுருக்கி ஊர் பார்க்கப் பணம் ஒதுக்குவது தவறில்லை என்பது என் கட்சி. அந்தப் பணம் போவதற்கு முன்னால் சேர்ந்ததா, போய் வந்த பிறகு அடைக்கப்படுவதா, அதற்காகச் சுருங்கியது யாருடைய தட்டு, போன நாட்களின் கூலியை யார் தாங்கினார்கள் என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதும் அதே கட்சிதான்.

பயணத்துக்கு முதலில் பணம் எடுத்து வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதே இல்லை. திருத்தணியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டரில் திருப்பதி. இந்தப் பக்கத்து வீடுகளில் பெருமாள் உண்டியல் என்று ஒன்று சாமி மாடத்தில் இருக்கும். நேர்ந்துகொண்ட காசை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பதும் உண்டு. அரிசி வாங்கக் காசில்லாத நாளிலும் அந்த முடிப்பை அவிழ்க்க மாட்டார்கள். அவசரத்துக்கு எடுத்தாலும் எடுத்ததற்கு மேல் போட்டு வைப்பார்கள். திருத்தணிக்கு ஆடிக் கிருத்திகைக் காவடி, சபரிமலைக்கு மாலை, மேல்மருவத்தூருக்கு இருமுடி எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். வருடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும் பணம், எதற்காகச் சேர்ந்ததோ அதற்கு மட்டுமே செலவாகும். மாதம் பிறந்ததும் சேமிப்பை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் குடும்பம் நடத்துங்கள் என்று இன்றைய நிதி ஆலோசகர்கள் சொல்கிறார்கள். இந்தக் குடும்பங்கள் அதைச் சாமியின் பெயரால் காலங்காலமாகச் செய்துவருகின்றன. கோயிலுக்கென்றால் அது செலவுக் கணக்கில் வராது, கடமைக் கணக்கில் வரும்.

ரயில் வந்தது இந்த வழக்கத்தைப் பெருக்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை திருவள்ளூர், அரக்கோணம் வழியாகத்தான் போகிறது. அதற்குப் பிறகு அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா பக்கம் போகும் பாதையில் திருத்தணியும் நகரி அருகே ஏகாம்பரகுப்பமும் நிலையங்களாயின. நடந்தும் கட்டுச்சோற்றோடு மாட்டுவண்டியிலும் போன திருப்பதி, காலையில் கிளம்பி மறுநாள் திரும்பக்கூடிய ஊரானது. திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. எல்லைக்கோடு மாறியது, சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். நகரி, புத்தூர் என்று கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய்வருவது அப்படியே தொடர்கிறது.

அப்படியானால் இன்று புதிதாக வந்தது என்ன? கணவனும் மனைவியும் தனியாக, சாமியும் சொந்தமும் காரணமில்லாமல், பார்த்து மகிழ்வதற்காக மட்டும் போவது. இதுவும் நேற்று முளைத்ததில்லை. ஸ்ரீதர் இயக்கிய 'தேன்நிலவு' 1961இல் வந்தது. காஷ்மீரில் படமெடுத்து, புதுமணத் தம்பதி ஊர் சுற்றுவதைத் தமிழ்நாட்டின் சிற்றூர்க் கொட்டகைகளுக்குக் கொண்டுவந்த படம் அது. ஆனாலும் வெகுகாலம் அது திரையில் பார்க்கிற காட்சியாக மட்டுமே இருந்தது. நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு கிடைத்த பயணம் மறுவீடு, சொந்தக்காரர் வீடுகளில் விருந்து, குலதெய்வம் கோயில் அவ்வளவுதான். அதிலும் கூடவே நாலு பேர் இருப்பார்கள். இருவர் மட்டும் போவது என்பது பெரியவர்கள் பார்வையில் செலவுக்கும் முந்தைய ஒரு சங்கடம். சொல்ல வராததைக் காசுக் கணக்காகச் சொல்கிறார்கள் என்று சில வீடுகளில் எனக்குத் தோன்றியிருக்கிறது.

மூணாறும் கொடைக்கானலும் இப்போது பழகிவிட்டன. வெளிநாடும் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. தாய்லாந்து 2023 நவம்பரிலும் மலேசியா அதே ஆண்டு டிசம்பரிலும் இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதிக்கத் தொடங்கின. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் தொடங்கியது. இந்தியர்கள் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்பும் திட்டத்தின் கீழ் வெளிநாட்டுப் பயணத்துக்காகச் செலவிட்ட தொகை 2013-14இல் வெறும் 1.6 கோடி டாலர். 2023-24இல் அது சுமார் 1,700 கோடி டாலர், அந்தத் திட்டத்தில் வெளியே போன மொத்தப் பணத்தில் பாதிக்கும் மேல். இதில் பொதட்டூர்பேட்டையின் பங்கு மிகச் சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் படங்கள் எல்லார் கைப்பேசியிலும் வருகின்றன. கூடப் படித்த பெண் பாங்காக்கில் நிற்பதைப் பார்த்தவளுக்கு ஏலகிரி சிறியதாகத் தெரிவது மனித இயல்பு.

ஒரு பயணத்தின் கனம் குடும்ப வருமானத்தில் எவ்வளவு என்று பார்ப்போம். மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி 2022-23இல் தமிழ்நாட்டில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு கிராமத்தில் 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய். பொதட்டூர்பேட்டை போன்ற சிறு நகரத்தில் இருவர் குடும்பத்துக்கு இந்தச் சராசரி சுமார் 15,000 ரூபாய் ஆகிறது. விமானம், விடுதி என்று 60,000 ரூபாயில் முடியும் ஒரு பயணம் அந்தக் குடும்பத்தின் நான்கு மாதச் செலவு. ஏலகிரியில் இரண்டு நாள் தங்கி, பஸ்ஸில் போய், 6,000 ரூபாயில் முடித்தால் பன்னிரண்டு நாள் செலவு. பயணம் என்ற ஒரே பெயரில் அழைத்தாலும் இரண்டும் வேறு வேறு காரியங்கள். 'ஊர் சுற்றுகிறார்கள்' என்று பொதுவாகச் சொல்வதில் உள்ள முதல் கோளாறு இது.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. உணவல்லாத செலவுகளில் போக்குவரத்துக்குத்தான் நாடு முழுவதும் அதிகப் பங்கு போகிறது. அது இன்பச் சுற்றுலா அன்று. பெட்ரோல், பஸ், ஷேர் ஆட்டோ. வேலைக்குப் போய்வரவே குடும்பம் இவ்வளவு செலவழிக்கிறது. தினமும் பல மணி நேரம் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து திரும்பும் ஒருவன், விடுமுறையில் மறுபடி பஸ்ஸேறக் கூசாமல் மலைக்குப் போக விரும்புகிறான் என்றால், அவனுக்குத் தேவைப்படுவது ஓய்வு. அதை ஆடம்பரம் என்று எழுதினால் அந்த உடம்பின் களைப்பை நாம் கணக்கில் எடுக்கவில்லை என்று பொருள்.

பணத்தைப் பொருளுக்குச் செலவழிப்பதா, அனுபவத்துக்குச் செலவழிப்பதா என்று உளவியலார் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். வான் போவனும் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, அனுபவத்துக்குச் செலவழித்தவர்களே கூடுதலாக மகிழ்ச்சி அடைகிறார்கள் என்றது. பயண வணிகர்கள் இதைத்தான் விளம்பரமாக்கினார்கள். அதன் மறுபக்கத்தை 2018இல் லீ, ஹால், வுட் மூவரும் காட்டினார்கள். வசதியுள்ளவர்களிடம்தான் அனுபவத்தின் பங்கு தெளிவாகக் கூடுகிறது. வசதி குறைந்தவர்களுக்குப் பொருள் வாங்குவதில் கிடைக்கும் மகிழ்ச்சி அனுபவத்தில் கிடைப்பதற்குச் சமமாகவோ அதற்கும் மேலாகவோ இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஓடாத கிரைண்டர் உள்ள வீட்டில் ஓடும் கிரைண்டர் ஒன்று வந்தால் அது தினமும் ஒரு மணி நேரத்தைத் திருப்பித் தருகிறது. அந்த மகிழ்ச்சி ஆறு வருடம் நிற்கும். மாமியாரின் வாதத்துக்கு ஆராய்ச்சியின் ஆதரவும் இருக்கிறது என்பதை மருமகள்கள் அறிய வேண்டும்.

மருமகளுக்கும் ஓர் ஆய்வு துணை நிற்கிறது. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நாவைனும் அவருடைய கூட்டாளிகளும் நடத்தி 2010இல் வெளியிட்டது அது. விடுமுறைக்குப் போகப் போகிறவர்கள் போகுமுன்பே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்தபின், மிகவும் நிம்மதியாகக் கழித்த சிலரைத் தவிர மற்றவர்களிடம் அந்த வேறுபாடு நிற்கவில்லை. அதாவது பயணத்தின் பெரும் பங்கு மகிழ்ச்சி எதிர்பார்ப்பில் இருக்கிறது. நாள் குறித்து, காசு சேர்த்து, எங்கே தங்குவது என்று பேசிப் பேசிக் காத்திருக்கும் மாதங்களில் இருக்கிறது. கடன் வாங்கி அடுத்த வாரமே கிளம்புகிறவர் அந்த மகிழ்ச்சியை இழந்துவிட்டு, திரும்பி வந்தபின் தவணையை மட்டும் வைத்துக்கொள்கிறார். உண்டியலில் சேர்க்கிறவருக்கு முதல் காசு விழுந்த அன்றே பயணம் தொடங்கிவிடுகிறது. இந்த ஆய்வுகளிலிருந்து நம் ஊருக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது இது என்று நினைக்கிறேன்.

ஏழைகள் வயிற்றைச் சுருக்கிக் கொண்டாட்டத்துக்குச் செலவழிப்பதைப் பொருளியலாரும் கவனித்திருக்கிறார்கள். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் 2007இல் எழுதிய கட்டுரையில் ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தைக் காட்டுகிறார்கள். மிக ஏழைக் குடும்பங்களிலும் 99 விழுக்காட்டுக்கு மேல் கல்யாணம், சாவு, திருவிழா இவற்றில் ஏதோ ஒன்றுக்குச் செலவழித்திருந்தன. அந்த ஏழைக் குடும்பங்களில் இடைநிலையில் உள்ள ஒன்று திருவிழாக்களுக்கு மட்டும் ஆண்டுச் செலவில் 10 விழுக்காடு ஒதுக்கியது. அந்தப் பணத்தை உணவுக்குப் போட்டிருக்கலாமே என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். உள்ளே இருப்பவருக்கு அந்த ஒரு நாள் இல்லாமல் மற்ற நாட்களைத் தள்ள முடிவதில்லை. நம் பக்கத்தில் இதே பங்கு மொய்யாகவும் சீராகவும் போகிறது. ஆவணியிலும் தை முதல் வைகாசி வரையிலும் வாரம் ஒரு பத்திரிகை வரும் வீட்டில், மொய்ச் செலவு ஒரு மாத மளிகையைத் தாண்டுவது சாதாரணம். அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை. திரும்பி வரும் பணம் என்பார்கள். இருவர் சேர்ந்து போய்வந்த நாட்கள் திரும்பி வராத பணம் என்பதால் மட்டும் அது வீணாகிவிடுமா?

தங்கத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். புதுக் குடும்பத்தின் முதல் சேமிப்பு நகைச் சீட்டு என்பது எழுதாத விதி. சென்னையில் சவரன் விலை 2025 டிசம்பரில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய பிறகு, மாதம் இரண்டாயிரம் கட்டும் குடும்பம் ஒரு சவரன் பார்க்க நாலு வருடத்துக்கு மேல் ஆகும். எட்டாத உயரத்துக்குப் போன பொருளைத் துரத்துவதைவிட எட்டும் மலைக்குப் போய்வரலாம் என்று இளையவர்கள் சொல்வதைக் கேட்கிறேன். அதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அடகு வைக்க நகை இருக்கும். பயணத்தை அடகு வைக்க முடியாது. மூன்று மாதச் செலவுக்கான கையிருப்பும் மருத்துவக் காப்பீடும் இல்லாத வீட்டில் நகைச் சீட்டை நிறுத்திவிட்டு ஊர் பார்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2022-23இல் நாட்டு உற்பத்தியில் சுமார் 5 விழுக்காட்டுக்கு இறங்கியது. பல பத்தாண்டுகளில் காணாத தாழ்வு. அதே காலத்தில் பிணையில்லாத் தனிநபர் கடன் விரைந்து பெருகியதைக் கண்டு, ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் அத்தகைய கடனுக்கு வங்கிகள் வைக்க வேண்டிய மூலதனத்தைக் கூட்டியது. கைப்பேசியில் நாலு முறை தட்டினால் கணக்கில் பணம் விழும் காலம் இது. 'இப்போது போங்கள், பிறகு கட்டுங்கள்' என்று பயணச் செயலிகளே கடன் தருகின்றன.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60,000 ரூபாயை 16 விழுக்காடு வட்டியில் இரண்டு வருடத் தவணைக்கு வாங்கினால் மாதம் சுமார் 2,940 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் 70,500 ரூபாய் ஆகும். அதே குடும்பம் மாதம் 2,500 ரூபாயை ஆறரை விழுக்காடு வட்டி வரும் தொடர் வைப்பில் இரண்டு வருடம் போட்டால் கையில் சுமார் 64,000 ரூபாய் இருக்கும். முன்னதில் 10,500 ரூபாய் போகிறது, பின்னதில் 4,000 ரூபாய் வருகிறது. வித்தியாசம் 14,500 ரூபாய். ஏலகிரிக்கு இரண்டு முறை போய்வந்து மீதியும் இருக்கும். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் நிலைமை இன்னும் மோசம். மாதம் மூன்றரை விழுக்காட்டுக்கு மேல், அதாவது வருடத்துக்கு 40 விழுக்காட்டைத் தாண்டியும், வட்டி போடும் கார்டுகள் உண்டு. தறிக் கூலியிலோ ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளத்திலோ அதை அடைக்க இறங்கினால், அடுத்த மாதத்தின் பாலும் காய்கறியும் அதில் கரையும்.

பாலும் காய்கறியும் என்று சொல்லும்போது, இந்தக் கேள்வியில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடத்துக்கு வருகிறேன். அன்றாடச் செலவு என்பது நம் வீடுகளில் பெண்ணின் கையில் இருக்கும் பணம். மளிகை, கேஸ், பால், சோப்பு, பிள்ளையின் டானிக் எல்லாம் அவள் பொறுப்பு. பயணத்துக்கு முதலிடம் என்று முடிவான மாதத்தில் சுருங்குவது அவளுடைய பட்டியல்தான். கணவனின் டீயும் வண்டிப் பெட்ரோலும் கைப்பேசித் தவணையும் அப்படியே இருக்க, முட்டை வாரம் மூன்றிலிருந்து ஒன்றாகும். இரும்புச்சத்து மாத்திரை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். கடைசியில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கம் இன்னும் ஒழியாத வீட்டில், சிக்கனம் என்றால் அவளுடைய சாப்பாடு என்று பொருள். இப்படிச் சேர்த்த பணத்தில் போகும் பயணத்தை நான் பயணமாகவே மதிக்க மாட்டேன்.

அதே சமயம், அந்தப் பயணத்தால் அதிகம் பெறுகிறவளும் அவளே. மாமனார், மாமியார், நாத்தனார் எல்லாரும் இருக்கும் வீட்டில், பின்கட்டில் தறி ஓடும் வீட்டில், புதுப்பெண் கணவனோடு நாலு வார்த்தை சத்தமாகப் பேச முடியாது. விடிகாலை எழுந்து வாசல் தெளித்து, சமைத்து, தார் சுற்றிக் கொடுத்து, மறுபடி சமைத்துப் படுக்கும் பெண்ணுக்கு, யாரோ சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடும் மூன்று நாட்கள் வாழ்க்கையில் வேறெப்போதும் வருவதில்லை. திருப்பதி போனாலும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்ளும் வேலை கூடவே வரும். இருவர் மட்டும் போகும் பயணத்தில்தான் அவள் மருமகளாக இல்லாமல் மனைவியாக இருக்கிறாள். கணவன் எதற்கு அஞ்சுகிறான், என்ன ஆசைப்படுகிறான், கடன் எவ்வளவு என்பதெல்லாம் அவளுக்குத் தெரியவருவது பல வீடுகளில் அப்போதுதான். இந்தப் பலனை எந்தக் கணக்கெடுப்பும் ரூபாயில் எழுதாது. எழுதாததால் அது இல்லை என்றாகாது.

ஆகவே பட்டியலில் எதை வெட்டுவது என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். புதுக் கைப்பேசி, மூன்றாவது ஓடிடி சந்தா, வாராவாரம் பிரியாணிக் கடை, ஆடித் தள்ளுபடியில் தேவையில்லாமல் எடுக்கும் துணி இவற்றை வெட்டலாம். சாப்பாடு, மருந்து, வாடகை, காப்பீடு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், பெற்றோருக்குக் கொடுக்கும் பணம் இவற்றில் கை வைக்கக் கூடாது. சேர்க்க வழியும் இருக்கிறது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கண்டது. தினமும் டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் பெண், அந்தப் பணத்தைத் தன் பெயரில் தொடர் வைப்பில் போட்டால் வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய். அதில் எங்கே போவது என்று முடிவு செய்யும் உரிமையும் அவளுக்கு இருக்க வேண்டும். ஊர்ப் பண்டுகளில் டூர் சீட்டு பிடிக்கிறவர்களும் உண்டு. பதிவில்லாத சீட்டுகள் தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்களைக் கவிழ்த்தன என்று நமக்குத் தெரியும். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ் பதிவானதா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். சிறு தொகைக்கு அஞ்சலகமோ வங்கியோ போதும்.

தூரத்தைக் குறைத்தாலும் செலவு குறையும். புத்தூர் அருகே கைலாசகோனா அருவி இரு சக்கர வண்டியில் போய்வரக்கூடிய இடம். மாவட்டத்தின் மறுகோடியில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும். கும்மிடிப்பூண்டியில் பத்து வருடம் வேலை செய்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பழவேற்காட்டைப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். இருவர் தனியாக இருப்பதுதான் முக்கியம் என்றால் அதற்கு விமானம் கட்டாயமில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும், பயணச் சீட்டிலும் விடுதி ரசீதிலும் தெரியாத ஒரு செலவு மிச்சமிருக்கிறது. விடுப்பு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று ஊதியத்தோடு விடுப்பு தந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 240 நாளை 180 நாளாகக் குறைத்திருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நிரந்தர வேலையில் இருப்பவர் மூணாறுக்குப் போனால் சம்பளம் நிற்காது. பக்கத்து எந்திரத்தில் அதே வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கோ, சட்டத்தில் உரிமை இருந்தும், விடுப்புக் கேட்டால் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற பயம். பத்துப் பேர்கூட இல்லாத தறிக்கூடத்துக்கு இந்தச் சட்டங்கள் எட்டுவதே இல்லை. அங்கே கூலி நெய்த அளவுக்குத்தான். தறி நின்றால் அதுவும் நிற்கும். கணவனும் மனைவியும் தறியிலேயே பிழைக்கும் வீட்டில் இருவருக்கும் சேர்த்து நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், போக வர ஆகும் நாட்களையும் சேர்த்து நாலு நாள் பயணத்தில் 4,000 ரூபாய் கூலி இழப்பு. ஏலகிரிக்கு ஆகும் 6,000 உண்மையில் 10,000. அலுவலக வேலை பார்ப்பவரும் நெசவாளியும் ஒரே விடுதியில் ஒரே வாடகை கொடுத்துத் தங்கினாலும், நெசவாளி கொடுத்த விலை அதிகம். இளையவர்களின் செலவைக் குறை சொல்லும் கட்டுரைகள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்களை மனத்தில் வைத்து எழுதப்படுவதால் இது எங்கும் பேசப்படுவதில்லை.

பிரான்சில் 1936இல் தொழிலாளர்கள் போராடி இரண்டு வார ஊதிய விடுப்பைச் சட்டமாக்கினார்கள். அந்தக் கோடையில் முதன்முறையாகக் கடலைப் பார்த்த தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம். 1982இல் அங்கே விடுமுறைக் காசோலைத் திட்டம் வந்தது. தொழிலாளி கொஞ்சம் சேமிக்க, நிறுவனம் அதோடு சேர்த்துக் கொடுக்கும். தென்கொரியா 2018இல் இதைப் பின்பற்றிச் சிறு நிறுவனத் தொழிலாளர்களுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. தொழிலாளி பாதி போட, நிறுவனமும் அரசும் கால் கால் பங்கு போடும். இந்தியாவில் விடுமுறைப் பயணச் சலுகை அரசு ஊழியர்களுக்கு உண்டு. தமிழ்நாடு அறநிலையத் துறை மூத்தவர்களை ராமேசுவரத்திலிருந்து காசிக்கு அரசுச் செலவில் அழைத்துப்போகிறது. 2022-23இல் 200 பேரோடு தொடங்கியது. அறுபடை வீட்டு யாத்திரையும் அப்படியே. நல்ல திட்டங்கள். ஆனால் அறுபது வயது வரை காத்திருந்தால்தான் ஊர் பார்க்கலாம் என்ற நம் பழைய எண்ணமே அவற்றிலும் இருக்கிறது. அதுவரை முழங்கால் தாங்குமா என்று தறி மிதித்த தலைமுறையைக் கேட்டால் சொல்வார்கள்.

விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரத்தை 2023 முதல் அரசு இலவசமாகத் தருகிறது. தறிக்கு இவ்வளவு செய்யும் அரசு தறிக்காரருக்கும் செய்யலாம். நெசவாளர் நல வாரியம் மூலமாக, கொரியாவைப்போல மூன்று பங்காகப் போடும் ஒரு விடுமுறை நிதியைத் திருவள்ளூர் மாவட்டத் தறி ஊர்களில் தொடங்கிப் பார்க்கலாம். அதற்குக் காத்திராமல் தறி முதலாளிகள் தம் கூலி ஒப்பந்தத்தில் வருடத்துக்கு நாலு நாள் கூலியோடு விடுப்பு என்று சேர்க்கலாம். கூலி உயர்வுக்காகப் பேச்சு நடத்தும் சங்கங்கள் அந்தப் பட்டியலில் இதையும் ஒரு வரியாக எழுதிக் கேட்க வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் காசு சேர்த்து இரண்டு நாள் போய்வரக் கிளம்பினால், கிரைண்டரைப் பற்றிப் பேசுவதை அவர்கள் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் ஒன்று. அடுத்த பயணத்துக்கான உண்டியலை இந்த மாதமே வையுங்கள். அது நிறையும்வரை கிளம்பாதீர்கள், தவணையில் போகாதீர்கள்.